பிரபு மாளிகைகளைக் காலி செய்த கணக்கு

1947 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'அன்ஜோ வீட்டு நடன விருந்து' படத்தில், ஒரு பிரபு குடும்பம் மாளிகையை இழப்பதற்கு முன் கடைசியாக ஒரு விருந்து வைக்கிறது. இயக்கியவர் கோசாபுரோ யோஷிமுரா. இளைய மகள் அட்சுகோவாக நடித்தவர் செட்சுகோ ஹாரா. வீட்டை அடமானமாகப் பிடித்திருப்பவர் ஒரு கள்ளச்சந்தைக்காரர். அதை வாங்கும் வசதியோடு வந்து நிற்பவரோ அந்த வீட்டில் முன்பு கார் ஓட்டியவர். சரி, தலைமுறைகளாகச் சேர்ந்த சொத்து போர் முடிந்த இரண்டே வருடத்தில் எப்படிக் கரைந்தது?

1947 மே 3 அன்று நடப்புக்கு வந்த புதிய அரசியலமைப்பு பிரபுப் பட்டங்களை ஒழித்தது. ஆனால் சொத்தைக் கரைக்கும் வேலை அதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

1946 பிப்ரவரியில் மக்களின் வங்கிக் கணக்குகளை அரசு முடக்கியது. பழைய நோட்டுகள் மார்ச் தொடக்கத்தோடு செல்லாது. அதற்குள் வங்கியில் போட்டாக வேண்டும். புது நோட்டுகளைப் போதுமான அளவு அச்சிட நேரமில்லாததால் பழைய நோட்டிலேயே சிறு முத்திரைச் சீட்டு ஒட்டிப் புழங்கவிட்டார்கள். கணக்கிலிருந்து குடும்பத் தலைவர் மாதம் 300 யென்னும், மற்ற ஒவ்வொருவருக்காக 100 யென்னும் எடுக்கலாம். தந்தையும் மூன்று பிள்ளைகளும் என்றால் 600 யென். ஒளித்து வைத்த பணமும் இப்படி வங்கிக்கு வந்து கணக்கில் ஏறியது. விலைவாசியை அடக்குவது ஒரு நோக்கம், வரி போடுவதற்காக யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அறிவது இன்னொன்று. இந்த வரிசைதான் திட்டத்தின் உயிர் என்பேன். வரியை முதலில் அறிவித்திருந்தால் பணம் மறைந்திருக்கும்.

அப்புறம் வந்தது சொத்துவரி. 1946 மார்ச் 3 அன்று கையில் இருந்த சொத்துக்கு ஒரே ஒரு முறை போட்ட வரி அது. 1 லட்சம் யென் வரை விலக்கு. அதற்கு மேல் படிப்படியாக 25 சதவீதத்தில் தொடங்கி, 1.5 கோடி யென்னைத் தாண்டிய பகுதிக்கு 90 சதவீதம். முழுத் தொகைக்கும் ஒரே விகிதம் கிடையாது; ஒவ்வொரு படியில் விழும் பகுதிக்கு மட்டுமே அந்தப் படியின் விகிதம். ஆனால் பெரும் பணக்காரரின் சொத்தில் பெரும்பகுதி மேல்படிகளில்தான் இருக்கும். அரச குடும்பமும் தப்பவில்லை: சுமார் 370 கோடி யென் சொத்தில் ஏறத்தாழ 330 கோடி வரியாகப் போனது.

கிராமத்து வருமானமும் நின்றது. நிலச் சீர்திருத்தம், ஊரில் வாழாத நிலச்சுவான்தார்களின் குத்தகை நிலம் முழுவதையும் அரசே வாங்கிக் குத்தகை விவசாயிகளுக்கு விற்க வைத்தது. அரசு கொடுத்த விலையோ கடன்பத்திரமாக வந்து பணவீக்கத்தில் மதிப்பிழந்தது. முடங்கிக் கிடந்த வங்கிப் பணத்துக்கும் அதே கதி.

மிஞ்சியது மாளிகையும் மனையும். வரியைப் பணமாகக் கட்ட முடியாதவர்கள் நிலத்தையும் கட்டடத்தையும் அப்படியே அரசிடம் கொடுக்கலாம் என்ற வழி இருந்தது. மற்றவர்கள் ரொக்கம் வைத்திருந்தவர்களைத் தேடிப் போனார்கள். படத்தின் கள்ளச்சந்தைக்காரரும் பழைய டிரைவரும் அந்த ரகத்தினர்தான். 1947 அக்டோபரில் அரச வம்சத்தின் 11 கிளைக் குடும்பங்களும் அரச அந்தஸ்தை இழந்தன. அவற்றில் ஒன்றான தகேடா குடும்பத்தின் டோக்கியோ மாளிகை 1953-ல் தகனாவா பிரின்ஸ் ஹோட்டலாகத் திறந்தது.