இயந்திர எலியா, மின்கடிவாள எலியா?

உயிருள்ள எலி ஒன்றின் மண்டையோட்டில் துளையிட்டு மின்முனைகளைப் பதிக்கிறார்கள். முதுகில் சிறு பொதியைக் கட்டுகிறார்கள். கணினி முன்னால் ஒருவர் அமர்ந்து அதை இடமும் வலமும் திருப்புகிறார். இந்த எலிக்குத் தமிழில் 'இயந்திர எலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'ரோபோ எலி' என்றும் எழுதுகிறார்கள். 2023 ஜனவரியில் நாக்பூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், இந்தியப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் ஒன்று இத்தகைய எலிகளை உளவுக்காக உருவாக்கி வருவதாகச் சொன்னது. 2025 மார்ச்சில் மியான்மர் நிலநடுக்கத்துக்குப் பிறகு இடிபாடுகளுக்குள் ஆள் தேட, சிங்கப்பூர் 10 கரப்பான்பூச்சிகளை அனுப்பியது. அவற்றின் முதுகிலும் மின்சுற்றுப் பொதி இருந்தது. ஆக, இந்தப் பெயர் இனி அடிக்கடி தேவைப்படும். தவறான பெயர் வேர்விடுவதற்குள் பிடுங்கிவிட வேண்டும்.

முதலில் பிறமொழிச் சொற்களின் பிறப்பைப் பார்த்துவிடலாம். உடம்போடு கருவி இணைந்த உயிரைக் குறிக்கும் 'சைபோர்க்' 1960இல் மான்ஃபிரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்ற இருவர் ஆக்கிய சொல். 'சைபர்னெட்டிக்' என்பதன் தலையையும் உயிரி என்று பொருள்படும் 'ஆர்கனிசம்' என்பதன் தலையையும் ஒட்டியது. சைபர்னெட்டிக்ஸ், அதாவது கட்டுப்பாட்டு அறிவியல், 1948இல் நார்பர்ட் வீனர் பரப்பிய பெயர். அதன் வேர் கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவரைக் குறிக்கும் சொல். நம்மிடம் அவர் மீகாமன். 'ரோபோ' 1920இல் செக் எழுத்தாளர் காரல் சாப்பெக்கின் நாடகத்தில் பிறந்தது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் ஆண்டைக்குக் கூலியில்லாமல் செய்யும் கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' அதேதான்.

இனி 'இயந்திர எலி'க்கு வருவோம். தமிழில் ஒரு விலங்கின் பெயருக்கு முன்னால் அது எதனால் ஆனது என்ற சொல்லைச் சேர்த்தால், அந்த விலங்கு உயிரை இழந்துவிடும். மண்குதிரை குதிரையன்று, அதை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்று பழமொழியே இருக்கிறது. மரக்குதிரை, பொம்மைக் கிளி எல்லாம் அப்படியே. மாறாக, அது எதற்குப் பயன்படுகிறது என்ற சொல்லைச் சேர்த்தால் உயிர் அப்படியே நிற்கும். வண்டிமாடு மாடுதான். ஏர்மாடும் மாடுதான். 'இயந்திர எலி' என்று படிப்பவரின் மனத்தில் எழுவது முதல் வகை: தகரமும் பற்சக்கரமும் மின்கலமும் கொண்டு எலி வடிவில் செய்த பொருள். அதற்குப் பசிக்காது, வலிக்காது, பூனையைக் கண்டால் நடுங்காது. சொல்லப்பட்டதோ இவை எல்லாம் உள்ள எலியைப் பற்றி.

விலங்கு வடிவப் பொறிக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலில் இருந்த போர்ப்பொறிகளை வரிசையாகச் சொல்கிறது. அதில் கருவிரல் ஊகம் உண்டு, குரங்கு வடிவப் பொறி. சென்றெறி சிரல் உண்டு, மீன்கொத்தி போலப் பாய்ந்து தாக்கும் பொறி. பன்றியும் உண்டு. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் செல்வது மயிற்பொறி. இவற்றை எந்த உரைகாரரும் உயிருள்ள விலங்கென்று மயங்கவில்லை. இந்த மரபில் வைக்கத்தக்க நவீனப் பொருளும் உண்டு. 1970களில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. ஒட்டுக்கேட்பதற்காகத் தட்டான் வடிவில் ஒரு சிறு பறக்கும் கருவியைச் செய்தது. 60 நொடி பறந்து சுமார் 200 மீட்டர் போகும். பக்கவாட்டுக் காற்று அடித்தால் நிலைகுலையும் என்பதால் கைவிட்டார்கள். அதை 'இயந்திரத் தட்டான்' என்று தாராளமாக எழுதுங்கள், 'தட்டான்பொறி' என்று எழுதினால் இன்னும் நன்று. அந்தச் சொல்லை எலிக்கும் கொடுத்துவிட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல நமக்கு வழியே இல்லாமல் போகும். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்?

எலிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பெயர் தானே வரும். 2002இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் மருத்துவ மையத்தில் சஞ்சீவ் தல்வார், ஜான் சேப்பின் குழுவினர் 5 எலிகளை இப்படிச் செலுத்திக் காட்டினார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா பணம் கொடுத்தது. ஒவ்வொரு எலிக்கும் மூளையில் மூன்று இடங்களில் மின்முனை. இடப்பக்க மீசையின் தொடுவுணர்வு போய்ச் சேரும் புறணிப் பகுதியில் ஒன்று, வலப்பக்க மீசைக்கு ஒன்று, முன்மூளையின் நடுவே ஓடும் இன்ப நரம்புக் கற்றையில் ஒன்று. மூளையின் இத்தகைய இன்பப் பகுதிகளில் மின்துடிப்பு கொடுத்தால் எலி அதையே மீண்டும் மீண்டும் நாடும் என்பதை 1954இலேயே மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸும் மில்னரும் கண்டறிந்திருந்தார்கள்.

செலுத்தும் முறை இதுதான். இடப்பக்க மீசை தொடப்பட்டது போன்ற உணர்வைத் தருகிறார்கள். எலி இடப்பக்கம் திரும்பினால் உடனே இன்பத் துடிப்பு. வலப்பக்கத்துக்கும் அப்படியே. நேரே போனாலும் துடிப்பு உண்டு. இதைப் பலமுறை பழக்க வேண்டும். மின்முனை பதித்த மறுநாளே எலி சொன்னபடி நடந்துவிடாது. பழகிய பிறகு ஏணியில் ஏறின, திட்டிலிருந்து குதித்தன, இடிபாட்டுக் குவியலுக்குள் நுழைந்தன. எலிகள் இயல்பாகத் தவிர்க்கும் வெளிச்சமான திறந்த வெளியிலும் நடந்தன. 500 மீட்டர் தொலைவு வரை மடிக்கணினியிலிருந்து செலுத்த முடிந்தது.

கால்களை யாரும் இயக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தக் காலை எங்கே வைப்பது, எந்தக் கல்லில் பிடித்து ஏறுவது என்பதையெல்லாம் எலிதான் முடிவுசெய்கிறது. படைத்துறை எலியைத் தேடி வருவதே இதனால்தான். இடிபாட்டில் எலியைப் போல ஏறி இறங்கும் பொறியைச் செய்வது கடினம். ஆகவே 'தொலையியக்க எலி' என்ற இன்னொரு ஆக்கமும் பொருந்தவில்லை. இயக்காவிட்டால் நிற்பதுதான் இயக்கப்படும் பொருள். தொலைக்காட்சியை அணைத்தால் அணைந்துவிடும். மடிக்கணினியை மூடினால் இந்த எலி நிற்காது; இரை தேடப் போய்விடும்.

'பொறியெலி' என்று சுருக்கமாக எழுதலாம் என்போரும் உண்டு. இரு சொல்லும் இடம்மாறினால் எலிப்பொறி. அதுவும் போக, பொறி என்றால் புலன், இயந்திரம், தீச்சுடர், எழுத்து என்று ஏற்கெனவே ஏழெட்டுப் பொருளைச் சுமக்கிறது. 'உயிர்ப்பொறி' என்ற சொல் கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தலைச்சொல் பொறி என்பதால் எலி மறுபடியும் பொறியாகிறது. 'சைபோர்க் எலி' என்று அப்படியே எடுத்தாள்வதிலும் ஒரு பிழை இருக்கிறது. கிளைன்ஸும் கிளைனும் விண்வெளி வீரரை மனத்தில் வைத்து அந்தச் சொல்லை ஆக்கினார்கள். உடம்பைச் சூழலுக்கு ஏற்றபடி சீராக வைக்கும் வேலையைக் கருவி தானே பார்த்துக்கொள்ள, மனிதர் தம் விருப்பப்படி ஆராயட்டும் என்பது அவர்கள் எண்ணம். சுக்கான் உள்ளே இருக்கிறது. நம் எலியிலோ சுக்கான் 500 மீட்டருக்கு அப்பால் வேறொருவர் கையில் இருக்கிறது. ஒரே சொல் இரு நேரெதிர் நிலைகளுக்கு ஆங்கிலத்தில் புழங்குகிறது என்பதற்காக அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

'உளவு விலங்கு' என்பது பயனைச் சொல்கிறது, முறையைச் சொல்லவில்லை. அமெரிக்கக் கடற்படை சான் டியேகோவில் வளர்க்கும் ஓங்கில்களும் (டால்பின்கள்) கடற்சிங்கங்களும் பழக்கிய விலங்குகள். 2003இல் ஈராக்கின் உம் கஸர் துறைமுகத்தில் கண்ணிவெடி தேட ஓங்கில்களைக் கொண்டுபோனார்கள். அவற்றின் மூளையில் கம்பி கிடையாது. ஜெர்மனியின் யூலியஸ் நொய்பிரோன்னர் 1907 வாக்கில் புறாவின் மார்பில் கட்டியது தானாகப் படமெடுக்கும் கேமரா; புறா தன் கூட்டை நோக்கித் தன் போக்கில் பறந்தது. 1960களில் சி.ஐ.ஏ. ஒரு பூனையின் காதுக்குள் ஒலிவாங்கியும் உடம்புக்குள் ஒலிபரப்பியும் வைத்துத் தைத்தது. பூனையைச் சிறு தொலைவுக்குப் பழக்க முடிந்தாலும், வெளிநாட்டுக் களத்தில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று 1967ஆம் ஆண்டுக் குறிப்பு முடிக்கிறது. ஓங்கில் பழக்கியது, புறாவும் பூனையும் கருவி ஏந்தியவை, எலி செலுத்தப்படுவது. மூன்றுக்கும் ஒரே சொல் போட்டால் அறம் பற்றிய கேள்வியை எழுப்பவே முடியாது. ஏனென்றால் மூன்றிலும் விலங்குக்கு நேர்வது வேறு வேறு.

என் பரிந்துரை 'மின்கடிவாளம்'. அதைப் பூட்டிய எலி மின்கடிவாள எலி, வண்டு மின்கடிவாள வண்டு. தார்க்குச்சியும் அங்குசமும் குத்துபவை. இங்கே குத்து இல்லை. அங்குசத்தின் பழம்பெயரான 'தோட்டி'க்குச் சங்க இலக்கியத்தில் இருந்த மதிப்பு இன்று அந்தச் சொல்லுக்கு இல்லை. அது மனிதரை இழிவுசெய்யும் சொல்லாகிவிட்டது. மூக்கணாங்கயிறு இழுப்பது. பழகிய குதிரைக்குக் கடிவாளம் பெரும்பாலும் குறிப்பு. வாரை இலேசாக அசைத்தால் போதும். இடமீசை, வலமீசை என்ற குறிப்புக்கு இதைவிட நெருங்கிய உவமை கிடைக்காது. கன்னடத்தில் கடிவாண, மலையாளத்தில் கடிஞ்ஞாண் என்று உறவுச் சொற்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கடிவாளம் என்றதுமே அதைப் பிடித்திருக்கும் கை நினைவுக்கு வருகிறது.

தோல்வியைச் சொல்வதற்கும் இந்தச் சொல் உதவுகிறது. மின்முனையைச் சுற்றி மூளை வடுத்திசுவை வளர்க்கிறது. நாளாக ஆகத் துடிப்பு மங்கும், கடிவாளம் தளரும். மின்முனை நரம்புக் கற்றையிலிருந்து சற்று விலகிப் பதிந்தால் இன்பமே எழாது. கட்டளை அனுப்பச் சிறிது மின்சாரம் போதும், ஆனால் படத்தைத் திரும்ப அனுப்ப அதைவிடப் பல மடங்கு வேண்டும். மின்கலம் பெரிதானால் எலி நுழையும் இடுக்கு குறைகிறது. காங்கிரீட் சுவரும் மண்ணும் அலையைத் தின்றுவிடும், உளவுக்கு எலி தேவைப்படுவதோ அங்கேதான். கரப்பான்பூச்சியின் உணர்கொம்பில் துடிப்பு கொடுத்தால் சுவரில் முட்டியதாக எண்ணித் திரும்பும், சில நிமிடங்களில் பழகிப்போய்ப் பொருட்படுத்தாது. 2006இல் டார்ப்பா தொடங்கிய பூச்சித் திட்டம், 100 மீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கின் 5 மீட்டருக்குள் பூச்சியைக் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று கேட்டது. கூட்டுப்புழுப் பருவத்திலேயே கருவியைப் பதித்தால், அந்துப்பூச்சியாகும்போது திசு அதைச் சுற்றி வளர்ந்து பிடித்துக்கொள்ளும் என்பது திட்டம். இதை 'கருவி பொருத்திய இயந்திரப் பூச்சி' என்று மொழிபெயர்த்தால், புழு கூட்டுக்குள் இருந்தபோதே கத்தி போனது என்ற செய்தி எங்கே தங்கும்?

இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், 'சைபோர்க்' பிறந்த அதே 1960இல் வந்ததுதான். மனிதரல்லாத எந்த உயிரும் விலங்கு என்று அது வரையறுக்கிறது. 'இயந்திர' என்ற ஒரு முன்னொட்டால் செய்தியாளர் அந்த வரையறைக்கு வெளியே எலியைத் தூக்கி வைக்கிறார். வெளிச்சத்துக்கு அஞ்சும் எலியை வெளிச்சத்தில் நடக்க வைத்தது பெரும் சாதனை என்று எழுதும்போது, அந்த அச்சம் போய்விட்டதா, மேலே இன்பத்தைப் போட்டு அமுக்கினார்களா என்று கேட்க வேண்டும். எலிக்கு அங்கே வலிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்லலாம். தன் உடம்பைக் காக்கும் அச்சத்தை அதனிடமிருந்து எடுத்துவிட்டுப் பகைவரின் பதுங்குகுழிக்குள் அனுப்புவது வேறு கேள்வி. இயந்திரத்தைப் பற்றி இப்படி யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் இந்தப் பெயர் வெறும் தமிழ்த்தூய்மைச் சண்டை ஆகாது. 'எலி' என்பதும் தமிழ்தான், 'இயந்திரம்' வடமொழி வழி வந்தது, அதை நான் பொருட்படுத்தவில்லை. தெளிவாக இருந்தால் 'ரோபோ'வைக்கூட ஏற்கலாம். இங்கே அது பொய் சொல்கிறது.

மொழிபெயர்ப்பவர்களிடம் இன்னொரு குறை. ஆங்கிலத் தலைப்பில் என்ன சொல் இருக்கிறதோ அதற்கு அகராதி பார்க்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. 1963இல் ஸ்பெயினின் கோர்டோபாவில் ஹோசே டெல்காடோ, பாய்ந்து வந்த காளையை ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்தினார். அவர் காளையின் சினத்தை அடக்கியதாகச் செய்தி பரவியது. அந்தத் துடிப்பு காளையைப் பக்கவாட்டில் திருப்பியது, அவ்வளவே என்று பிறகு மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். 'அடக்கினார்' என்று எழுதினால் ஒரு பொருள், 'திருப்பினார்' என்றால் வேறு பொருள். வினைச்சொல்லைத் தேர்வதற்கு முன் மின்முனை எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

கடைசியாக, எலியைச் செலுத்துபவருக்கு 'இயக்குநர்' வேண்டாம், அது திரைப்படத்துக்கும் அலுவலகத்துக்கும் போய்விட்டது. யானைக்கும் தேருக்கும் பொதுவாக நின்ற 'பாகர்' இருக்கிறார். 'இயந்திர எலி பதுங்குகுழிக்குள் சென்று படமெடுத்தது' என்ற வாக்கியத்தை இப்படித் திருத்தலாம்: 'மின்கடிவாளம் பூட்டிய எலியைப் பாகர் பதுங்குகுழிக்குள் செலுத்திப் படமெடுத்தார்.'