வேட்டிக் கூரையும் மார்கழிப் பனியும்

அடைமழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும் மார்கழிக் கடைசியில், தேவகோட்டைப் பக்கம் எங்கள் கடலைக் கொல்லையில் ஒரு வாரம் தங்குவேன். கரண்ட் கிடையாது. ஒரு சோலார் விளக்கு, மண் அடுப்பு, கயிற்றுக் கட்டில், சுற்றிலும் செட்டிநாட்டுச் செம்மண் பொட்டல். முதல் வருடம் கட்டிலை வெட்டவெளியில் போட்டதும் ஐயா தடுத்தார். "அப்பு, வானத்துக்கு நேரா படுக்காத. பனி எறங்கும்." நாலு கம்பு நட்டு, தன் பழைய வேட்டியைக் கட்டிலுக்கு மேலே இழுத்துக் கட்டினார். விடிந்து பார்த்தால் வேட்டி நனைந்து தொய்ந்திருந்தது. கீழே என் போர்வையில் ஈரமே இல்லை.

கூரை என்று சொல்லவே முடியாத ஒற்றைத் துணி அது. நாலு பக்கமும் காற்று புகுந்து போகிறது. அப்படியானால் அது எதைத் தடுத்தது?

நம் உடம்பிலிருந்து வானத்துக்குப் போகும் வெப்பத்தை. எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. 20 டிகிரியில் இருக்கும் தரை, சதுர மீட்டருக்குச் சுமார் 400 வாட் விடும். பகலில் வெயில் அதை ஈடுகட்டும். இரவில் வானம் திருப்பித் தருவதுதான் வரவு. மேகம் மூடியிருந்தால் பெரும்பகுதி திரும்பி வரும். மூட்டமான இரவில் புழுங்குவது அதனால்தான். வானம் தெளிந்திருந்தாலும் காற்றிலுள்ள நீராவி கணிசமாகத் திருப்பித் தரும். ஆனால் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தை நீராவி அவ்வளவாகப் பிடித்துவைப்பதில்லை. அந்தச் சன்னல் வழியே வெப்பம் விண்வெளிக்குப் போய்விடுகிறது. புல்லும் பைக் சீட்டும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தொடும் காற்றின் நீராவி அங்கேயே துளியாகிறது.

ஆக, பனி மேலிருந்து இறங்குவதில்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், சம எடையுள்ள கம்பளித் துணுக்குகளை இரவில் வெளியே வைத்துக் காலையில் நிறுத்துப் பார்த்தார். பலகையின் மேல் வைத்தது அதிகம் நனைந்திருந்தது, அடியில் வைத்தது குறைவு. 1814-இல் அதை நூலாக எழுதினார். அந்தப் பலகையின் வேலையைத்தான் ஐயாவின் வேட்டி செய்தது. வானத்தைவிட எவ்வளவோ சூடான அந்தத் துணி, என் மேல் வெப்பத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது.

இதே கணக்கு பாலைவனத்தில் கடுமையாகிறது. தார் பாலைவன ஓரத்திலுள்ள ராஜஸ்தானின் சூரு, கோடையில் 50 டிகிரியைத் தொடும். குளிர்காலத்தில் சில இரவுகள் சுழியத்துக்குக் கீழே இறங்கும். அங்கே நீராவி குறைவு, சன்னல் அகலம். காய்ந்த மணலின் துகள்களுக்கிடையே காற்று நிற்பதால், அடியிலுள்ள சூடு சட்டென்று மேலே வராது. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது காரணம்: ஒரு கிராம் நீராவி நீராகும்போது கிட்டத்தட்ட 600 கலோரி வெப்பம் வெளிவருகிறது. பனி பிடிக்கத் தொடங்கியதும் குளிர்வது மந்தப்படும். 'பாழாப்போன பனி' என்று நாம் வைகிறோமே, அதுதான் நம் ஊர்க் குளிருக்கு முட்டுக்கட்டை. மணற்காட்டின் வறண்ட காற்றில் அந்த முட்டுக்கட்டை விழ வெகுநேரம் ஆகும். அங்கே கூடாரம் போடுகிறவர்கள் வெட்டவெளியைவிட ஒரு மரத்தடியைத் தேடுவது நல்லது.

வேட்டி வானம் முழுவதையும் மறைக்க வேண்டியதில்லை. உச்சியில் காற்றுமண்டலத்தின் கனம் குறைவு, அதனால் தலைக்கு நேர் மேலே உள்ள வானம்தான் மிகவும் குளிர்ந்தது. அடிவானம் அவ்வளவு குளிர்வதில்லை. கிழக்குப் பக்கம் திறந்தே விட்டுத்தான் இன்றும் கட்டுகிறோம், படுத்தபடியே விடிவது தெரியும்.