சோர்ஸ் எது, டிரெய்ன் எது?

4066 என்று ஒரு சிப். 14 கால், உள்ளே நான்கு ஸ்விட்சுகள். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் இரண்டு சிக்னல் கால்கள். எதில் சிக்னலைக் கொடுத்தாலும் மற்றதில் எடுக்கலாம். ரிலேயில் இது நடந்தால் யாரும் வியக்கமாட்டோம், அங்கே இரண்டு உலோகத் துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அசையும் பாகமே இல்லாத சிலிக்கானில் எப்படி?

இதற்கென்று தனி வித்தை எதுவும் இல்லை. மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் அமைப்பே அப்படி. ஒரே மாதிரியான இரண்டு பகுதிகள், நடுவில் ஓர் இடைவெளி, அதன் மேல் மெல்லிய காப்புப் படலம், அதற்கும் மேலே கேட் என்னும் கட்டுப்பாட்டு முனை. கேட்டுக்குப் போதுமான மின்னழுத்தம் கொடுத்தால் இடைவெளியில் எலெக்ட்ரான்கள் கூடிப் பாதை உண்டாகும். அந்தப் பாதைக்கு முன், பின் கிடையாது. இப்படி எலெக்ட்ரான்கள் கடத்தும் என்-வகையில் மின்னழுத்தம் குறைவாக இருக்கும் முனைக்கு சோர்ஸ் என்று பெயர், மற்றதற்கு டிரெய்ன். ஓட்டம் திரும்பினால் பெயரும் மாறிவிடும்.

அப்படியென்றால் கடையில் வாங்கும் மூன்று கால் மாஸ்ஃபெட் ஒன்றே போதாதா? போதாது. அதில் சிலிக்கானின் அடிப்பகுதியை சோர்ஸோடு உள்ளேயே இணைத்துவிடுகிறார்கள். அதனால் ஒரு டயோடு தானாக உருவாகி, ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் ஒரு திசையில் மின்னோட்டத்தை விட்டுவிடும். 4066 போன்ற அனலாக் ஸ்விட்ச் சிப்பில் என்-வகை, அதற்கு நேர் எதிரான பி-வகை இரண்டும் உண்டு. ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது என்-வகையின் அடிப்பகுதி சப்ளையின் கீழ் முனையில் இருக்கும், பி-வகையினுடையது மேல் முனையில். சிக்னல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்வரை டயோடுகள் விழிக்காது.

இரண்டு வகையும் ஏன் வேண்டும்? கேட்டில் 5 வோல்ட், பாதை திறக்க 1 வோல்ட் இடைவெளி தேவை என்று வையுங்கள். சிக்னல் 4.5 வோல்ட்டுக்கு ஏறினால் மிச்சம் அரை வோல்ட்தான். என்-வகை மூடிக்கொள்ளும். பி-வகை நேர் எதிர், மேலே நன்றாகக் கடத்தும், கீழே திணறும். இரண்டையும் பக்கத்தில் பக்கமாக இணைத்து, ஒரு கேட்டுக்கு 5 வோல்ட்டும் இன்னொன்றுக்குப் பூஜ்யமும் கொடுத்தால் முழு வீச்சும் கடந்துபோகும்.

ஆனாலும் இது கம்பி ஆகிவிடாது. 4066-இன் தடை 15 வோல்ட் சப்ளையில் சுமார் 125 ஓம், 5 வோல்ட்டில் சுமார் 470 ஓம். சிக்னல் ஏறி இறங்கும்போது இந்தத் தடையும் சற்று மாறும். ஆடியோவில் அது திரிபாகக் கேட்கும். அடுத்து வரும் சுற்றின் உள்ளீட்டுத் தடை நூறு கிலோ ஓம் அளவில் இருந்தால் கவலையில்லை. 600 ஓம் என்றால் வேறு சிப்பைத் தேடுவது நல்லது.

நான் முதன்முதலில் பாட்டு சிக்னலை 5 வோல்ட்டில் ஓடும் 4066-க்கு நேராகக் கொடுத்தபோது, அலையின் கீழ்ப்பாதி மழுங்கி, கரகரவென்று வந்தது. சிப் கெட்டுவிட்டது என்று மாற்றியும் பார்த்தேன். குற்றம் சிப்பில் இல்லை. பாட்டு சிக்னல் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும், அப்போது அந்த டயோடுகள் விழித்துக்கொள்ளும். ஒரு மின்தேக்கி வழியாகக் கொடுத்து, இரண்டு சம ரெசிஸ்டர்களால் சிக்னலை 2.5 வோல்ட்டுக்குத் தூக்கியதும் சரியானது.

4051 என்ற இன்னொரு சிப் இந்த வேலையைச் சுலபமாக்குகிறது. எதிர்மறை சப்ளைக்கென்றே அதில் தனிக் கால் உண்டு. எட்டு சென்சார்களில் ஒன்றைத் தேர்ந்து ஒரே கம்பிக்கு அனுப்பலாம். அப்புறம் அதே சிப்பைத் திருப்பிப் போட்டு, ஒரு சிக்னலை எட்டு இடங்களில் ஒன்றுக்கு அனுப்பலாம். திசை மாறியது சிப்புக்குத் தெரியவும் தெரியாது.