இறுகுவது வேறு, ஒன்றுவது வேறு

மேல்தாடையில் முன்கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் இம்பிளான்ட், அதாவது பல்வேருக்குப் பதிலாக எலும்பில் முடுக்கும் டைட்டானியத் திருகு, வைத்துக்கொண்ட ஒருவர் மூன்றாவது வாரம் வந்தார். வலி இல்லை, வீக்கமும் வடிந்திருந்தது. "நல்லா இறுக்கமா இருக்கு டாக்டர், நாலு நாளா அந்தப் பக்கம்தான் கடிச்சுச் சாப்பிடறேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. பார்வைக்காக மட்டும் பொருத்திய தற்காலிகப் பல் அது. கடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன், ஏன் கூடாது என்று விளக்கவில்லை. எட்டாவது வாரம் இம்பிளான்ட் ஆடியது, எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அவர் உணர்ந்த இறுக்கம், மரத்தில் முடுக்கிய திருகின் இறுக்கம்தான்; எலும்பு இம்பிளான்டோடு ஒன்றியதால் வந்ததல்ல. துளையிட்டபோது காயப்பட்ட எலும்பை உடல் மெல்லக் கரைத்துவிட்டுப் புது எலும்பை வளர்க்கும். பழைய பிடி தளர்ந்து, புதுப் பிடி இன்னும் வராத இடைவெளி ஒன்று உண்டு. பெரும்பாலும் அது மூன்றாவது, நான்காவது வாரம். வலி போய் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும் நேரமும் அதுவே. அப்போது இம்பிளான்ட் சுமார் 150 மைக்ரானுக்கு மேல், அதாவது தலைமுடி ஒன்றிரண்டின் பருமன் அளவுக்குத் திரும்பத் திரும்ப அசைந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் சுற்றி வளரும்.

இம்பிளான்டின் வடிவமைப்பு முக்கியமாவது இந்த இடைவெளியைக் கடக்கத்தான். மேல்தாடையின் பின்பகுதி எலும்பு பஞ்சு போல மென்மையானது. அங்கே நுனி குறுகி, மரைகள் ஆழமாக உள்ள இம்பிளான்ட் நன்றாகப் பிடிக்கும். கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்போ கெட்டி. அதே இம்பிளான்டை அங்கே அதற்கேற்றபடி துளையிடாமல் முடுக்கினால் எலும்பு நசுங்கும், ரத்த ஓட்டம் தடைபடும், ஓரத்து எலும்பு செத்துப்போகும். இறுக்கம் கூடக்கூட நல்லது என்று நினைப்பது தவறு. மருத்துவர்களிடமும் இந்த எண்ணம் இருக்கிறது. துளையிடும்போது தண்ணீர் பாய்ச்சுவதில் நான் கறாராக இருப்பதற்கும் காரணம் உண்டு. எலும்பின் சூடு ஒரு நிமிடம் 47 டிகிரி செல்சியஸைத் தாண்டி நின்றாலே செல்கள் பாழாகும். எந்த வடிவமைப்பாலும் அதை ஈடுகட்ட முடியாது.

இம்பிளான்டின் மேற்பரப்புதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க், 1952-இல் முயலின் கால் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல்தான், எலும்பு டைட்டானியத்தோடு ஒன்றிவிடும் இந்த ஒட்டுதலைக் கண்டுகொண்டார். 1965-இல் மனிதருக்குப் பொருத்தினார். அன்றைய இம்பிளான்டுகள் கடைந்தெடுத்த வழவழப்போடு இருந்தன. கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருக்க வேண்டும். இன்று மணல்வீச்சாலும் அமிலத்தாலும் ஒன்றிரண்டு மைக்ரான் அளவுக்குச் சொரசொரப்பாக்குகிறார்கள். உறைந்த ரத்தத்தின் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் அந்தச் சொரசொரப்பைப் பற்றிக்கொள்ளும். அவற்றின் வழியே எலும்பு செல்கள் நடந்து வந்து, இம்பிளான்டின் மேலேயே எலும்பை இடத் தொடங்கும். பழைய எலும்பு, இம்பிளான்ட் என இரு பக்கத்திலிருந்தும் எலும்பு வளர்வதால் காத்திருக்கும் காலம் குறைகிறது. ஆனால் பின்னாளில் ஈறு இறங்கி அதே சொரசொரப்பு வெளியே தெரிந்தால் கிருமிகளும் அதில் எளிதாகக் குடியேறும். அதனால் சுத்தம் செய்வதில் சலுகையே கிடையாது.

இம்பிளான்டின் கழுத்துப் பகுதியில், பல்லைத் தாங்கும் மேல்துண்டைச் சற்றுக் குறுகலாக வைத்து இணைப்பின் இடுக்கை எலும்பின் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளும் அமைப்பும் ஓரத்து எலும்பைக் காக்க உதவுகிறது.

"எந்த கம்பெனி நல்லது?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். என் எலும்பு எப்படி இருக்கிறது, இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், எந்த வாரம்வரை கடிக்கக் கூடாது என்று கேளுங்கள். புகைபிடிப்பது, கட்டுப்படாத சர்க்கரை, எலும்புத் தேய்வுக்கு எடுக்கும் மருந்து எதையும் மறைக்காதீர்கள்.

அவருக்கு எலும்பு ஆறிய பிறகு வேறொன்று வைத்தோம். மரை ஆழமானது, தற்காலிகப் பல் இல்லாமல் ஈறுக்குள் மூடியே வைத்தோம். நான்கு மாதம் காத்திருந்தார். இப்போது அந்தப் பக்கம்தான் கடிக்கிறார்.