வேலிக்காத்தானோடு சேர்த்து வெட்டப்படும் செடிகள்: வடசென்னைக்கு ஒரு கையேடு

எந்த உயிரினம் அழியும் நிலையில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் உகா மரத்தைத் தேடினால், கவலைப்பட ஒன்றுமில்லை என்ற வகையில்தான் இருக்கும். ஆப்பிரிக்காவில் தொடங்கி அரபு நாடுகள் வழியாக இந்தியா வரை பரவிய மரம் அது. பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி இதன் வேரிலும் கிளையிலும் இருந்துதான் வருகிறது. ஆனால் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒரு மணல்மேட்டில் ஒதுங்கி நிற்கும் உகாப் புதரை ஜேசிபி வழித்துவிட்டால், அந்த மேட்டுக்கு அது திரும்பி வராது. விதை வந்து விழப் பக்கத்தில் தாய்மரம் இருக்காது. உலகக் கணக்கு வேறு, ஊர்க்கணக்கு வேறு. பட்டியல்கள் முதலாவதைத்தான் பார்க்கின்றன. இரண்டாவதை அந்தந்த ஊர்க்காரர்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

வடசென்னையில் ஊர்க்கணக்கு சுருங்கிப்போனதற்குக் காரணம் மரம் வெட்டுவது மட்டுமல்ல. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய துறைமுகம் அந்த மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் தாண்டியும் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். மணல் இல்லாத கரையில், மணலில் படரும் அடம்புக் கொடிக்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் வேலை இல்லை. அதனால் மணல்மேட்டுச் செடிகளைப் பார்க்க இன்று காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் போக வேண்டியிருக்கிறது. கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பலும் மண்கொட்டலும் சேற்றுப்பரப்பை உயர்த்திவிட்டன. மணலி, மாதவரம், மீஞ்சூர்ப் பக்கத்துப் புதர்க்காடு கன்டெய்னர் யார்டாகவும் குடோனாகவும் மாறிவிட்டது. மிச்சம் இருப்பவை துண்டு துண்டான இடங்கள்: ஏரிக்கரை, கோயில் நிலம், சுடுகாட்டு ஓரம், பக்கிங்காம் கால்வாய்க் கரை.

இந்தத் துண்டுகளில் நடக்கும் இழப்பு பெரும்பாலும் அடையாளம் தெரியாததால் நடப்பது. முக்கியமாக, வேலிக்காத்தான் என்கிற சீமைக் கருவேலத்தை அகற்றும் வேலையில். அந்த வேலை தேவையான வேலைதான். ஆனால் ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு முள் இருப்பதெல்லாம் வேலிக்காத்தான். நம்முடைய கருவேலம், வெள்வேல், உடை, எப்போதாவது ஒரு வன்னி, எல்லாம் ஒரே லாரியில் விறகாகப் போகின்றன.

ஒரு கிளையைக் கையில் எடுத்து முள்ளைப் பாருங்கள். சீமைக் கருவேலத்தில் முள் கணுவிலேயே, பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். வன்னியில் கணுக்களுக்கு இடையே, தண்டின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அடி அகன்ற குட்டை முள்ளாக இருக்கும். இரண்டுக்கும் பூ நீண்ட கதிர்தான் என்பதால் பூவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கருவேலத்திலும் முள் ஜோடிதான், ஆனால் நேராக, வெளுத்து, நீளமாக நிற்கும். பூ கதிராக இல்லாமல் பொன்மஞ்சள் உருண்டையாக இருக்கும். காய் மணிக்கு மணி இறுகிப் பாசிமாலை மாதிரித் தொங்கும். வெள்வேலில் உருண்டைப் பூக்கள் வெளிர் நிறத்தில், கிளை நுனியில் கொத்தாக வரும். உடை மரம் தலை தட்டையாகக் குடை விரித்து நிற்பதால் தூரத்திலிருந்தே தெரியும். பூ, காய் இரண்டும் இல்லாத மாதத்தில் முள்ளும் பட்டையும்தான் துணை. அப்போதும் சந்தேகம் இருந்தால் வெட்டாமல் விடுங்கள். சீமைக் கருவேலம் ஆறு மாதம் கூடுதலாக நின்றால் ஊருக்கு நட்டமில்லை.

மணல்மேட்டுப் புதர்களில் உகாவைக் கண்டுபிடிப்பது சுலபம். இலை எதிரெதிராக, சற்றே சதைப்பற்றாக இருக்கும். கசக்கினால் கடுகின் காரம் ஏறும். அதே குடும்பத்துச் சங்கஞ்செடிக்குக் கணுவுக்கு நான்கு முள். இது இன்னும் பல வேலிகளில் இருக்கிறது, ஆனால் வேலி கம்பியாக மாறும்போது காணாமல் போகும். பாலை மரம் (உலக்கைப் பாலை என்பதுதான்) இலை நுனியில் சிறு பிளவோடும், உடைத்தால் பாலோடும் இருக்கும். மிக மெதுவாக வளரும் மரம். தொடை அளவு பருமன் என்றால் நம்மைவிட மூத்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கழிமுகத்தில் பார்க்க வேண்டியவை வேறு. எண்ணூரில் அதிகம் நிற்கும் அலையாத்தி மரம் வெண்கண்டல்: இலை நுனி கூர்மை, அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் வெளுப்பு, காய் சிறிது. காலையில் இலையின் மேல் உப்புப் படிகம் விரலில் ஒட்டும். அதன் கூட்டத்துக்குள் நுனி உருண்ட, அகன்ற இலையும் கிட்டத்தட்ட இருமடங்கு பெரிய மஞ்சள் பூவும் கொண்ட ஒரு மரம் தெரிந்தால் அது கருங்கண்டல். தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தில்லை மரம் உதிரும் முன் சிவக்கும் இலைகளால் கண்ணில் படும். அதைக் கண்டால் இலையைக் கிள்ள வேண்டாம். பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலோடு தற்காலிகமாகப் பார்வையே போய்விடும். கிள்ளியே ஆகவேண்டும் என்றால் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள்.

மரம் இல்லாத உப்புச் சதுப்பைத்தான் யாரும் மதிப்பதில்லை. உமரி என்று ஒரே பேரில் சொல்வதில் குறைந்தது இரண்டு இருக்கின்றன. இலையே இல்லாமல், பச்சைத் தண்டு கணுக்கணுவாக அடுக்கி நிற்பது ஒன்று. குச்சி குச்சியான சதைப்பற்று இலைகளோடு இருப்பது மற்றொன்று. கூடவே தரையில் படரும் வங்கராவாசிக்கு எதிரெதிர் இலை, இளஞ்சிவப்பு நட்சத்திரப் பூ. கோடையில் இந்த இடம் முழுவதும் சிவந்து காய்ந்து வெறும் பொட்டல்போல் தெரியும். வருவாய்ப் பதிவேட்டிலும் தரிசு என்றோ புறம்போக்கு என்றோதான் இருக்கும். அங்கே மியாவாக்கி காடு வளர்க்கிறோம் என்று செம்மண் கொட்டிச் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நட்டால், கன்றும் உப்பில் கருகும், உமரியும் மண்ணுக்கடியில் போகும். இரண்டும் கெட்ட வேலை. ஆனால் திறப்பு விழாப் படத்தில் நன்றாக இருக்கும்.

ஏரிக்கரை மரங்களுக்கு ஒரே வரி: புழல், ரெட்டேரி, கொரட்டூர்க் கரைகளில் மூவிலை மாவிலங்கத்தையும், சிவப்புச் சரமாகப் பூத்து விடிவதற்குள் உதிர்க்கும் நீர்க்கடம்பையும் தேடுங்கள். கரையைப் பலப்படுத்தும்போது முதலில் போவது இவைதான்.

பதிவு செய்யும் முறை

கைப்பேசி போதும், ஆனால் ஒரு படம் போதாது. ஒரு செடிக்கு ஆறு படம்: இடத்தோடு சேர்ந்த முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், கணுவும் முள்ளும், பூ, காய். மரமானால் பட்டையும். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவை அளந்து எழுதுங்கள். பெரியது, இளையது, நாற்று என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். மரம் இருந்து நாற்றே இல்லையென்றால் அந்தக் கூட்டம் ஏற்கெனவே முடியத் தொடங்கிவிட்டது. பெரும்பாலும் ஆடு மேய்ச்சல், தீ, அல்லது தேங்கிய நீர்தான் காரணமாக இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது புதுக்கன்று நடுவதைவிடப் பயன் தரும்.

ஆண், பெண் குறிப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பனையில் ஆண்பனை, பெண்பனை என்று எல்லாருக்கும் தெரியும். தில்லை, சங்கஞ்செடி, இராவணன் மீசை ஆகியவையும் அப்படித்தான். ஓர் இடத்தில் பத்து தில்லை நின்று, பத்தும் ஆண் என்றால், விதைக்கணக்கில் அது பூஜ்யம். இராவணன் மீசையில் பார்ப்பது எளிது: முள்ளுருண்டையாகக் காற்றில் உருண்டு ஓடுவது பெண் கதிர். மற்ற இரண்டுக்கும் பூக்கும் காலத்தில் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.

உயிரினப் படங்களைப் பொதுவில் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால், அரிய செடிக்கு இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். மருந்துக்குத் தோண்டுபவர்களும் அதே படத்தைப் பார்ப்பார்கள். ஊரில் முன்பு என்ன இருந்தது என்று ஒப்பிட, சென்னை அருங்காட்சியகம் 1929-ல் வெளியிட்ட மாநகரத் தாவரப் பட்டியல் நல்ல அளவுகோல். அழுத்திக் காயவைக்கும் உலர்மாதிரி எடுப்பதில் இருபதுக்கு ஒன்று என்பதே விதி. இருபது செடிக்குக் குறைவாக இருந்தால் படம் மட்டும்.

காப்பது என்றால் முதலில் நின்ற இடத்திலேயே

பிடுங்கி வேறிடத்தில் நடுகிறோம் என்ற வாக்குறுதியை நம்பாதீர்கள். வளர்ந்த பாலைக்கும் உகாவுக்கும் வேர் ஆழம். தோண்டும்போது அது அறுந்துவிடும். இரண்டு மாதம் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுக் காயும்.

சீமைக் கருவேலம் அகற்றும் இடத்தில், வேலைக்கு ஒரு வாரம் முன்பே போய் நாட்டுச் செடிகளில் சிவப்பு நாடா கட்டுங்கள். நாடாவைச் சுற்றி 3 மீட்டருக்கு இயந்திரம் கூடாது, கைவேலைதான். தரையோடு வெட்டினால் சீமைக் கருவேலம் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். அடிக்கட்டையைத் தரைக்குக் கீழே ஓரடி ஆழம் வரை தோண்டி எடுக்க வேண்டும். ஆனால் ஆற்றோரத்திலும் மணல்மேட்டிலும் ஒரே நேரத்தில் முழுவதையும் எடுத்தால் அடுத்த மழையில் கரை சரியும். கீற்றுக் கீற்றாக எடுத்து, திறந்த இடத்தில் அடம்பைப் படரவிட்ட பிறகு அடுத்த கீற்றுக்குப் போங்கள். காய் பழுக்கும் முன்பே வெட்டுங்கள். காயைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தோடு விதையைப் பரப்பும்.

அடம்பை வளர்ப்பது சிரமமில்லை. ஓரடி நீளத்தில், மூன்று நான்கு கணு உள்ள துண்டாக வெட்டி, இரண்டு கணு மணலுக்குள் போகும்படி மழைக்காலத் தொடக்கத்தில் புதைத்தால் பிடித்துக்கொள்ளும். விதையானால் ஓடு கடினம், ஒரு பக்கம் உரசிவிட்டு ஊறவைக்க வேண்டும். புன்னைக்கும் ஓட்டை உடைத்துவிட்டால் சீக்கிரம் முளைக்கும். எந்தச் செடியிலும் அன்று முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெண்கண்டல் காயைச் சேமித்து வைக்க முடியாது. மஞ்சளோடி, தொட்டாலே கையில் வருவதை மட்டும் எடுத்து, ஒரு நாள் தண்ணீரில் போட்டுத் தோல் கழன்றதும் கழிமுகச் சேறு நிரப்பிய பையில் ஊன்றிவிட வேண்டும்.

அலையாத்தி நடுவதில் அடிக்கடி வரும் பிழை, இடம். அலை எப்போதும் மூடியிருக்கும் தாழ்ந்த சேற்றில் கன்றின் மேல் கொட்டலசு (ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிரி) ஏறி அழுத்திச் சாகடிக்கும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் பலன் தந்த மீன்முள் வடிவக் கால்வாய் முறை (நடுக்கால்வாயிலிருந்து பக்கவாட்டில் கிளைக்கால்வாய்கள் வெட்டுவது) நீரோட்டம் நின்றுபோன இடத்துக்கு உரியது. அதை எண்ணூரில் உமரிப் பரப்பின் குறுக்கே வெட்டினால் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை அழித்ததாகும். அடைபட்ட ஓடையைத் திறந்தாலே பல இடங்களில் கண்டல் தானாக முளைக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதுபோல மறுபடி நேர்ந்தால், மூச்சு வேர்களைச் சுரண்டவோ அவற்றின் மேல் நடக்கவோ வேண்டாம். மிதித்து எண்ணெயைச் சேற்றுக்குள் இறக்குவது கூடுதல் கேடு.

சட்டத்தில் பிடி இருக்கிறது, ஆனால் அது செடியின் பேரில் இல்லை, இடத்தின் பேரில் இருக்கிறது. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அலையாத்திக் காடு, மணல்மேடு, உப்புச் சதுப்பு மூன்றும் மிகக் கடுமையான 1ஏ வகையில் வருகின்றன. அலையாத்திப் பரப்பு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றி 50 மீட்டர் இடைவெளியும் உண்டு. எனவே மனுவில் "அரிய செடி" என்று மட்டும் எழுதாமல் "உப்புச் சதுப்பு" என்று எழுதுங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் பட்டியலை அதில் சேர்க்கச் சொல்லி, ஒப்புகை வாங்குங்கள். எண்ணூர் வரை மாநகராட்சி மண்டல அலுவலகம். ஆற்றைத் தாண்டிக் காட்டுப்பள்ளி என்றால் திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஒன்றியம்.

தூர்வாரும் வேலைகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒப்பந்தமாகிவிடும் என்பதால் மனு மே மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சர்வே எண், கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, ஆறு படங்கள், செடிகளின் எண்ணிக்கை, இவற்றோடு ஒரே ஒரு கோரிக்கை: நாடா கட்டிய செடிகளை விட்டு வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வேலை உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும். அதன் நகலை ஜேசிபி ஓட்டுபவரிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.