சமூகப் பிணைப்பு

போர் பற்றிய கட்டுரைகளில் 'சோஷியல் கொஹீஷன்' என்று அடிக்கடி வரும். ஒரு சமூகத்தார் ஒருவரையொருவர் நம்பி, கஷ்ட காலத்திலும் கலையாமல் நிற்பதைச் சொல்வது அது. மூலம் லத்தீன்: 'கோ' என்றால் சேர்ந்து, 'ஹைரேரே' என்றால் ஒட்டிக்கொள்வது.

இயற்பியல் பாடத்தில் கொஹீஷனுக்கு ஓரினக் கவர்ச்சி என்று பெயர். நீர்த்துளிக்குள் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பது. போர்க்காலத்துக்கு அது அப்படியே பொருந்தும். எதிரி வெளியே நின்றால் உள்ளே இருப்பவர்கள் நெருங்கிவிடுவார்கள். பெரும் போர்களின்போது தற்கொலைகள் குறைவதைக் கவனித்த பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம், 1897லேயே இந்த நெருக்கத்தைத்தான் காரணமாகச் சொன்னார்.

சரி, போர் முடிந்த பிறகு? அப்போது ஒட்ட வேண்டியது வேறினத்தோடு. சண்டையிட்ட இரு தரப்பும், ஊரைவிட்டுப் போனவர்களும், அவர்கள் வந்து சேர்ந்த ஊர்க்காரர்களும். இலங்கைப் போர் 2009ல் முடிந்தது. எங்கள் பவானிசாகரில் இலங்கை அகதிகளின் முகாம் இன்னும் இருக்கிறது. 2021ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. மாறியது பெயர்தான். இங்கேயே பிறந்தவர்கள் பலருக்குக் குடியுரிமை கிடையாது.

சோஷியல் கொஹீஷனைத் தமிழில் என்ன சொல்லலாம்? 'ஒற்றுமை' என்றால் ஒரே மாதிரி இருப்பது என்றும் பொருள். 'ஒற்றுமை வேற்றுமை எழுதுக' என்று பரீட்சையில் கேட்பார்களே, அது. 'நல்லிணக்கம்' பகை தீர்வதைக் குறிக்கும். இலங்கை அரசு 2010ல் அமைத்த ஆணைக்குழுவின் பெயரில் இருப்பது அந்தச் சொல். 'ஒருங்கிணைப்பு' ஆபீஸ் வாசனை அடிக்கிறது.

என் ஓட்டு 'பிணைப்பு'க்கு. சென்னிமலைத் தறிக்காரர்களுக்கு அது வேலைச் சொல். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், தீரும்போது பழைய இழை நுனியோடு புது இழை நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பதுதான் பாவு பிணைப்பது. ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று தவறினாலும் துணியில் தெரியும். 'பிணை' என்றால் ஜாமீனும்தான், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்பது. பிணைக்கைதி என்ற சொல்லும் அதே வேரில்தான் கிடக்கிறது, என்ன செய்வது!

'சமூக' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் 'பிணைப்பு' என்றால் வேதியியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். துளியும் ஒற்றுமை இல்லாத சோடியத்தையும் குளோரினையும் உப்பாகச் சேர்த்துவைப்பதற்கு அவர்கள் வைத்த பெயரும் அதுதான்.