புரொட்யூசர்: பணம் போடுபவரா, பாட்டை நடத்துபவரா?

ஆங்கில இசைத்தட்டின் உறையில் ‘புரொட்யூசர்’ என்று ஒரு பெயர் இருக்கும். தமிழ் இதழ்கள் அதைத் தயங்காமல் ‘தயாரிப்பாளர்’ என்று எழுதிவிடுகின்றன. சினிமாவில் ஊறிய நம் வாசகருக்கு உடனே நினைவுக்கு வருபவர் முதலாளி: வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்து, வெளியாகும் நாளில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பவர். இசைப்பதிவில் அந்தக் கவலை பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்துக்கு உரியது. புரொட்யூசரின் வேலையே வேறு. எந்தப் பாட்டுகளைப் பதிவது, எந்த வேகத்தில் பாடுவது, எந்த வாத்தியத்தை எங்கே நிறுத்துவது, பலமுறை பாடியதில் எதை வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அவர் முடிவு. திரைப்படத்தில் இதற்கு இணையானவர் இயக்குநர்.

அமெரிக்கரான டாட் ரண்ட்கிரெனைப் பார்த்தால் இது விளங்கும். 1948இல் பிறந்த இவர், பாட்டெழுதி மெட்டமைத்துப் பாடுபவர். 1972இல் வெளிவந்த ‘சம்திங்/எனிதிங்?’ இரட்டை இசைத்தட்டின் நான்கு பக்கங்களில் மூன்றை, குரல் முதல் டிரம்ஸ் வரை, தனியாளாகவே நிரப்பினார். அடுத்த ஆண்டே நியூயார்க் டால்ஸ் என்ற முரட்டு ராக் குழுவின் முதல் இசைத்தட்டுக்குப் புரொட்யூசர் ஆனார். 1986இல் எக்ஸ்.டி.சி. என்ற ஆங்கிலேயக் குழு தன் பாடல்களின் மாதிரிப் பதிவுகளை அனுப்பியபோது, எவை வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்பதைப் பதிவு தொடங்கும் முன்பே இவர் தீர்மானித்துவிட்டார். குழுவின் ஆண்டி பார்ட்ரிட்ஜுக்கும் இவருக்கும் மூண்ட சண்டை இசையுலகம் அறிந்தது. ஆனால் அந்த ‘ஸ்கைலார்க்கிங்’தான் இன்றும் அக்குழுவின் மிகச் சிறந்த ஆக்கங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. பணம் மட்டும் போடுபவரிடம் யாரும் வரிசைக்காகச் சண்டை போடமாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு முறை இவர் நம் சினிமாப் பொருளிலும் தயாரிப்பாளர் ஆனார். மீட் லோஃப் பாடிய ‘பேட் அவுட் ஆஃப் ஹெல்’ பதிவின்போது, இருப்பதாக நம்பிய நிறுவன ஒப்பந்தம் இல்லையென்று தெரிய, செலவு இவர் தலையில் விழுந்தது. 1977இல் வெளிவந்த அந்த இசைத்தட்டு பிறகு கோடிக்கணக்கில் விற்றது. அதில் உறுமும் மோட்டார் சைக்கிள் ஓசையும் இவர் கிதாரில் எழுப்பியதுதான்.

இனி சொல்லுக்கு வருவோம். லத்தீன் மூலத்தில் ‘ப்ரோ’ என்றால் முன்னே; ‘டூகெரே’ என்றால் நடத்துதல். முன்னே நடத்திக் கொண்டுவருவதே வேர்ப்பொருள். நம் ‘தயாரிப்பாளர்’ எங்கிருந்து வந்தார்? ‘தயார்’ அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். விகுதிகள் மட்டுமே தமிழ். வந்த சொல் என்பதற்காக அதை விரட்ட வேண்டியதில்லை. பொருள் பொருந்தவில்லை என்பதே என் குறை.

‘ஆக்குநர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நன்னூல் பாயிரத்தில் ‘ஆக்கியோன் பெயரே’ என்று வரும் ஆக்கியோன், நூலை இயற்றியவர். பிறர் பாட்டைப் பதிவாக்குபவருக்கு அந்தப் பெருமை அதிகம். ‘ஒலிப்பதிவாளர்’ கருவிகளைக் கையாள்பவர். ‘இசைக்கோப்பாளர்’ வாத்தியங்களுக்கான பகுதிகளை அமைப்பவர். புரொட்யூசர் இவ்விருவர் வேலையையும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

இலங்கைத் தமிழர் நாடக, திரைப்பட இயக்கத்தை ‘நெறியாள்கை’ என்பார்கள். வழிநடத்துதல் என்ற லத்தீன் வேருக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை. ‘இசை நெறியாளர்’ என்றால் இசை இயக்குநரோடு குழம்பும். எனவே ‘இசைப்பதிவு நெறியாளர்’. சற்று நீளம்தான்.

ரண்ட்கிரெனைப் போன்றோரின் இன்னொரு பட்டமான ‘சிங்கர் சாங்ரைட்டர்’ என்பதைப் ‘பாடகர், பாடலாசிரியர்’ என்று பெயர்த்தால் மெட்டு விடுபட்டுவிடும்; தமிழ்ச் சினிமாவில் பாடலாசிரியர் என்றால் சொற்களுக்கு மட்டுமே பொறுப்பு. கர்நாடக இசையில் முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதி போல் இரண்டையும் செய்தவரைச் ‘சாகித்தியகர்த்தா’ என்பார்கள். அது கீர்த்தனை மேடைக்கே உரியதாகிவிட்டது. பேச்சுவழக்கின் ‘பாட்டுக் கட்டுதல்’ சொல்லையும் மெட்டையும் ஒருங்கே பிடிக்கும். ஆகவே ரண்ட்கிரெனைப் பற்றி எழுதும்போது, ‘பாட்டுக் கட்டிப் பாடுபவர், இசைப்பதிவு நெறியாளர்’ என்று எழுதலாம்.